வாயும் கல்லீரலும்



நான் பிறந்து வளர்ந்ததும், முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியப் பணி ஆற்றியதும், ஓய்வு பெற்று இன்று உறைவதும் காவிரி பாயும் தஞ்சை வளநாட்டிலேதான். ஆதலின் எதைப் பேசப் புகுந்தாலும் என் நாவில் முதலில் வந்து நிற்பவை வயலும் வாய்க்காலுமே. இன்று நோயைப் பற்றியும் மருத்துவத்தைப் பற்றியும் பேச வந்திருக்கின்றேன். அதனையும் வாய்க்காற் கரையிலிருந்தே தொடங்குகின்றேன், பொறுத்தருள்க.

கல்லணையிலே பிரிகின்ற நீர் ஆறுகளாகி, ஆறுகள் வாய்க்கால்களாகி, வாய்க்கால்கள் கன்னி வாய்க்கால்களாகி, இறுதியில் கடைமடை வயலைச் சென்று சேர்கின்றது. வேதாரணியம், திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடை உழவர் ஒருவரின் பயிர் மஞ்சள் பூத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் வயலில் இறங்கிப் பார்ப்பார்: பூச்சியா, பயிர்நோயா, மண்ணில் உப்பா என்று. வயலில் குற்றம் இல்லையென்று கண்டால், மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்காற் கரையோடு மேல்நோக்கி நடப்பார். எங்கோ ஒரு மதகு அடைபட்டிருக்கும். அல்லது கரை உடைந்திருக்கும். கடைமடையில் தோன்றிய மஞ்சளுக்குக் காரணம் தலைமடையில் இருக்கும். வேறு சில வேளைகளில் மேலே எல்லாம் செம்மையாக இருக்கும். குற்றம் வயலிலேயே இருக்கும். இரண்டு இடத்தையும் பார்த்த பிறகே முடிவுக்கு வருபவர் நல்ல உழவர்.

நம் உடம்பும் அத்தகைய ஒரு பாசன நாடே. அதில் வாய் ஒரு கடைமடை. கல்லீரல் ஒரு தலைமதகு. வாயில் நெடுநாள் ஆறாமல் நிற்கும் ஒரு நோய்க்கும், கல்லீரலில் ஒளிந்து வாழும் ஒரு வைரஸுக்கும் தொடர்பு உண்டா? உண்டெனில் அஃது எத்தகையது? இவையே இன்றைய பேச்சின் பொருள்.

இப்பொருளை நான் ஏன் எடுத்துக்கொண்டேன் என்பதை முதலிலே சொல்லிவிடுகின்றேன். என்னோடு பணியாற்றிய ஓவிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். கரும்பலகையில் ஒரே கோட்டில் பெரிய கோயில் விமானத்தை வரையும் கை அவருடையது. 2003-ஆம் ஆண்டு ஒரு நாள், நண்பகல் உணவு வேளையில், குழம்புச் சோற்றை ஒரு வாய் உண்டவர் உடனே முகஞ்சுளித்து நீரைக் குடித்தார். "என்ன சார்?" என்றேன். "காரம் பட்டால் கன்னம் எரிகிறது சார். கண்ணாடியில் பார்த்தேன், உள்ளே யாரோ கோலம் போட்டு வைத்திருக்கிறார்கள்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று முதல் அவர் தயிர்ச்சோறே கொண்டுவந்தார். யாரோ தேன் தடவச் சொன்னார்கள். யாரோ மணத்தக்காளிக் கீரை தின்னச் சொன்னார்கள். ஆறு ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன.

2009-இல் அவருக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. கால்கள் வீங்கின. மருத்துவமனையில் இரத்தத்தை ஆராய்ந்தபோது, சி வகைக் கல்லீரல் அழற்சி வைரஸ் அவர் உடலில் நெடுங்காலமாகக் குடியிருப்பதும், கல்லீரல் சுருங்கித் தழும்பேறிப் போயிருப்பதும் தெரியவந்தன. 1984-ஆம் ஆண்டு ஒரு பேருந்து விபத்தில் அடிபட்டு, அவர் இரண்டு புட்டி இரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார். வைரஸ் அவ்வழியே வந்திருக்கலாம் என்று மருத்துவர் கருதினார். அதற்காக எவரையும் குறை கூறுவதற்கில்லை. 1984-இல் அவ்வைரஸ் இன்னும் அடையாளம் காணப்படவில்லை. 2011-இல் என் நண்பர் காலமானார்.

நண்பர்களே, கல்லீரலைப் பற்றிச் சில செய்திகளை நினைவூட்டுகின்றேன். வயிற்றின் வலப்புற மேற்பகுதியில், விலா எலும்புகளின் காவலில் அமைந்துள்ள இவ்வுறுப்பு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. நாம் உண்ணும் உணவின் சத்தைச் சேமிப்பதும், நச்சை முறிப்பதும், பித்தநீரைச் சுரப்பதும், இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களைச் செய்வதும் இதன் தொழில்கள். இதற்கு ஒரு குணம் உண்டு: எளிதில் முறையிடாது. முக்காற்பங்கு கெட்ட பிறகும் ஓசையின்றி உழைத்துக்கொண்டிருக்கும். ஆகவே இது நலிவதை மற்ற உறுப்புகள் காட்டும் குறிகளைக் கொண்டே பல வேளைகளில் அறிய வேண்டியிருக்கின்றது.

அக்குறிகளுட் சில வாயிலே தோன்றும். மஞ்சட்காமாலை கண்ணின் வெண்மையில் தெரிவது போலவே நாவின் அடியிலும் மேலண்ணத்திலும் தெரியும். இரத்தம் உறையச் செய்யும் புரதங்கள் குறைந்தால் பல் துலக்கும்போது ஈறு கசியும். கல்லீரல் மிகவும் கெட்ட நிலையில் மூச்சில் ஒருவகை வாடை வீசும். சி வகை வைரஸ் உடையவர் சிலருக்கு உமிழ்நீர் வற்றி நா உலர்ந்துபோவதும் உண்டு. ஆனால் ஈறு கசிந்தவரெல்லாம் கல்லீரல் நோயாளர் அல்லர். பல்லிடுக்கில் படியும் அழுக்கினால் வரும் ஈறு நோயே இரத்தக் கசிவுக்கு மிகப் பொதுவான காரணம். இந்த எச்சரிக்கையை இப்போதே மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் இதனிடம் மீண்டும் வருவோம்.

கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களை ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து எழுத்துகளால் குறிக்கின்றனர். இவற்றுள் ஏ, இ ஆகிய இரண்டும் பெரும்பாலும் அசுத்தமான நீராலும் உணவாலும் பரவுவன. 1955-ஆம் ஆண்டின் இறுதியில் தில்லி மாநகரில் யமுனையின் குடிநீரிலே சாக்கடை கலந்ததனால் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சட்காமாலை கண்டது. அக்காலத்தில் அது எவ்வகை வைரஸ் என்று தெரியவில்லை. நோயாளரின் இரத்தநீர் பாதுகாத்து வைக்கப்பட்டிருந்தமையால், பல பத்தாண்டுகளுக்குப் பின்னர் அதனை மீண்டும் ஆராய்ந்து, அஃது இ வகை என்று துணிய முடிந்தது. இவ்வகைகள் பெரும்பாலோரிடம் சில வாரங்கள் வருத்திவிட்டு நீங்கிவிடும்.

பி, சி ஆகியவை வேறு இயல்பின. அவை இரத்தத்தின் வழியே பரவுவன. உடலில் புகுந்து பல்லாண்டுகள் தங்கிவிட வல்லன. பி வகையின் அடையாளத்தைக் கண்டறிந்தவர் அமெரிக்க அறிஞர் பாரூக் புளூம்பெர்க். அவருக்கு 1976-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த நாளான சூலை 28-ஐயே உலகம் கல்லீரல் அழற்சி நாளாகக் கொண்டாடுகின்றது. சி வகை வைரஸ் 1989-இல்தான் அடையாளம் காணப்பட்டது. அதனைக் கண்டறிந்த பணிக்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹூட்டன், சார்லஸ் ரைஸ் என்னும் மூவர்க்கு 2020-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்கள் சி வகை வைரஸைத் தம்முள் சுமந்து வாழ்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுட் பலர் அதனை அறியார்.

இனி, என் நண்பர் கோலம் என்றாரே, அந்த வாய்நோய்க்கு வருவோம். அதன் பெயர் லைக்கன் பிளானஸ். மரப்பட்டையிலும் பாறையிலும் சாம்பல் நிறத்தில் பூத்துப் படரும் லைக்கன்களைத் தாவரவியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். பழைய கோயில் மதில்களிலும் அவற்றைக் காணலாம். தோலில் அவ்வாறு படர்வது போலத் தோன்றியமையால் 1869-இல் இராஸ்மஸ் வில்சன் என்னும் ஆங்கில மருத்துவர் இந்நோய்க்கு இப்பெயரைச் சூட்டினார். அதன்மேல் காணப்படும் மெல்லிய வெண்கோடுகளை 1895-இல் விக்கம் என்னும் பிரெஞ்சு மருத்துவர் விரித்துரைத்தார். வாயிலே வரும்போது இரு கன்னங்களின் உட்புறத்திலும் வெள்ளை நூலால் பின்னிய வலைபோல் அக்கோடுகள் தோன்றும். சிலருக்கு வலியே இராது. சிலருக்கு அவ்விடம் சிவந்து, தோல் உரிந்து, புண்ணாகிக் காரமும் புளியும் பட்டால் பொறுக்க முடியாமல் எரியும். ஆண்டுக்கணக்கில் தணிவதும் எழுவதுமாக இருக்கும்.

இது தொற்றுநோய் அன்று. நம் உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே, வாயின் உட்சவ்வில் அடித்தளமாக உள்ள அணுக்களைப் பகையென்று மயங்கித் தாக்குவதனால் விளைவது. நூறு பேருள் ஏறத்தாழ ஒருவருக்கு, பல்லாண்டுகளில், இது புற்றுநோயாக மாறக்கூடும். ஆதலின் அஞ்சி நடுங்கவும் வேண்டா. அலட்சியம் செய்யவும் கூடாது. மருத்துவர் கண்காணிப்பில் இருத்தல் வேண்டும்.

சி வகை வைரஸ் கண்டறியப்பட்ட இரண்டே ஆண்டுகளில், அதாவது 1991-இல், ஐரோப்பிய மருத்துவர் சிலர் ஒரு செய்தியைக் கவனித்தனர். லைக்கன் பிளானஸ் உடையவர்களிடம் இவ்வைரஸ் எதிர்பார்த்ததற்கு மேல் மிகுதியாகக் காணப்படுகின்றதே என்பது அவர்கள் ஐயம். ஐயம் ஆராய்ச்சியாயிற்று. பற்பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது, லைக்கன் பிளானஸ் உடையவரிடம் சி வைரஸ் இருக்கும் வாய்ப்பு மற்றவரைக் காட்டிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று தெரிந்தது. வைரஸின் மரபுப் பொருளை வாயின் உட்சவ்விலேயே கண்டவரும் உண்டு. அவ்வைரஸை இலக்காகக் கொண்ட எதிர்ப்பு அணுக்கள் வாய்ப்புண்ணில் குழுமியிருப்பதைக் கண்டவரும் உண்டு. கல்லீரலில் இருக்கும் பகைவனைத் தேடிப் புறப்பட்ட படை, வாயிலும் போர் தொடுக்கின்றது போலும் என்று அறிஞர் எண்ணலாயினர்.

இங்கேதான் நண்பர்களே, கதையில் ஒரு திருப்பம். இத்தாலியிலும் ஜப்பானிலும் இத்தொடர்பு வலுவாகத் தெரிந்தது. பிரிட்டனில் தேடியவர்களுக்கோ அது தென்படவில்லை. ஏன்? ஒரு காரணம், சி வைரஸ் சில நாடுகளில் மிகுதி, சில நாடுகளில் குறைவு என்பது. மற்றொரு காரணம், பிறப்பிலேயே அமையும் மரபுக்கூறு. இத்தாலியில் இவ்விரு நோயும் ஒருங்கே உடையவரிடம் எதிர்ப்பு ஆற்றலைச் சார்ந்த ஒரு குறிப்பிட்ட மரபுக்கூறு மிகுதியாகக் காணப்பட்டது. அதே விதைநெல் எல்லா மண்ணிலும் ஒரே விளைச்சலைத் தருமோ? அதே வைரஸும் எல்லா உடலிலும் ஒரே விளைவைத் தருவதில்லை.

நம் நாட்டில் நிலைமை யாது? நமக்கு அண்மையிலுள்ள கேரளத்தைப் பார்ப்போம். அங்கே 7,639 கிராமவாசிகளின் வாயை ஆய்ந்து 1972-இல் வெளியிட்ட அறிக்கையில், நூற்றுக்கு ஒன்றரைப் பேருக்கு வாய் லைக்கன் பிளானஸ் இருப்பதாகக் கண்டனர். புகையிலைப் பழக்கம் அற்றவரைவிட அப்பழக்கம் உடையவரிடம் அது மிகுதி. பின்னர் 2002-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், லைக்கன் பிளானஸ் உடைய 65 பேரின் இரத்தத்தைப் பார்த்தனர். சி வைரஸோடு தொடர்பு புலப்படவில்லை. நம் நாட்டின் வேறு ஆய்வுகளுள் சில தொடர்பு உண்டென்றன, சில இல்லையென்றன.

"காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அஃது ஆராய்ச்சியாளர்க்கும் பொருந்தும் அறிவுரை. ஒரு தொடர்பைக் கேள்விப்பட்டவுடன், காணும் வாயிலெல்லாம் வைரஸைக் காணத் தொடங்கினால், நமக்கும் காமாலைக் கண்ணனுக்கும் வேறுபாடு இல்லை. இதனை நான் என் வாயைக் கொண்டே கற்றேன். வெட்கத்தை விட்டு அதனையும் சொல்லுகின்றேன்.

நண்பரை இழந்த மறு ஆண்டு, என் கன்னத்தின் உட்புறத்திலும் வெண்கோடுகள் தோன்றின. கண்ணாடியின் முன் வாயைத் திறந்து பார்த்த எனக்கு உயிரே போய்விட்டது. என் முடிவும் வந்துவிட்டது என்றே துணிந்தேன். இரண்டு இரவு உறக்கமில்லை. மூன்றாம் நாள் பல் மருத்துவரிடம் சென்றேன். அவர் இளம்பெண், என்னிடம் பயின்ற மாணவிபோல் இருந்தார். வாயை விளக்கொளியில் நன்கு பார்த்துவிட்டு, "ஐயா, வெற்றிலை போடுவீர்களா?" என்று வினவினார். "உணவுக்குப் பின் ஒருமுறை" என்றேன். "புகையிலை?" என்றார். நான் விடை சொல்லத் தயங்கினேன். பள்ளியில் புகையிலையின் தீமையைப் பற்றி ஆண்டுதோறும் சொற்பொழிவாற்றிய தலைமையாசிரியன், வீட்டுத் திண்ணையில் சிறிது பன்னீர்ப் புகையிலையையும் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் வழக்கத்தை உடையவன் என்பதை அந்தப் பெண்ணிடம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. "எந்தப் பக்கம் அடக்குவீர்கள்?" என்றார். இடப்பக்கம். கோடுகள் இருந்ததும் இடப்பக்கமே. வலக் கன்னத்தில் ஒன்றுமில்லை.

அவர் விளக்கினார்: வெற்றிலையும் புகையிலையும் மெல்வோருக்கு, அதனை அடக்கி வைக்கும் இடத்தில், லைக்கன் பிளானஸைப் போலவே தோன்றும் ஒருவகை வெண்கோடுகள் வருவதுண்டு. 1980-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டு ஆய்வாளர் இதனைத் தனியே பிரித்துக் காட்டியிருக்கின்றனர். உண்மையான லைக்கன் பிளானஸோ பெரும்பாலும் இரு புறமும் தோன்றும். ஆயினும் அவர் ஊகத்தோடு நின்றுவிடவில்லை. சி வைரஸுக்கு இரத்தப் பரிசோதனை செய்வித்தார்; இல்லை என்று வந்தது. பழக்கத்தை அறவே விடச் சொன்னார், விட்டேன். சில மாதங்களில் கோடுகள் மங்கி மறைந்தன. ஒரே தோற்றம், ஆனால் என் நண்பருக்குக் காரணம் தலைமடையில் இருந்திருக்கலாம், எனக்குக் காரணம் வயலிலேயே, அதுவும் நானே கொண்டுவந்து கொட்டியது.

"இருந்திருக்கலாம்" என்று நான் சொன்னதைக் கவனித்தீர்களா? என் நண்பரின் வாய்நோய்க்கு அவர் கல்லீரலின் வைரஸே காரணம் என்று என்னால் அறுதியிட்டுக் கூற இயலாது. இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவது வேறு. ஒன்று மற்றொன்றை விளைவிப்பது வேறு. கல்லூரி மாணவர்கள் இதனை நன்கு சிந்திக்க வேண்டும். முதலாவது இரண்டாவதை விளைவித்திருக்கலாம். இரண்டாவது முதலாவதை விளைவித்திருக்கலாம். இரண்டையும் மூன்றாவது ஒன்று விளைவித்திருக்கலாம். அல்லது தற்செயலாகவே இரண்டும் ஓரிடத்தில் கூடியிருக்கலாம். இந்நான்கனுள் எது என்பதைப் பொறுமையான ஆராய்ச்சியே காட்டும்.

"அப்படியாயின், உறுதியில்லாத தொடர்பை அறிந்து என்ன பயன்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பயன் உண்டு; அதுவும் உயிரைக் காக்கும் பயன். தொடர்பு என்பது தீர்ப்பு அன்று. அது "மேலே நடந்து பார்" என்னும் அழைப்பு. வாயின் வெண்கோடு ஆயிரம் பேரில் சிலருக்கேனும் ஒளிந்திருக்கும் வைரஸைக் காட்டிக்கொடுக்குமாயின், ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதில் இழப்பு என்ன? அதிலும் இக்காலத்தில் இவ்வைரஸ் தீராத பகை அன்று. என் நண்பரின் காலத்தில் இருந்த இன்டர்பெரான் ஊசி மருந்து பலருக்குப் பயன்படவில்லை. சிலருக்கு வாய்ப்புண்ணை மிகுவித்ததும் உண்டு. 2013-ஆம் ஆண்டின் இறுதியில் சோபோஸ்புவிர் என்னும் மாத்திரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. வைரஸை நேரே தாக்கும் மருந்துகளுள் அஃது ஒன்று. 2015 முதல் இந்தியாவிலேயே குறைந்த விலையில் அம்மருந்து செய்யப்படுகின்றது. இத்தகைய மாத்திரைகளைச் சேர்த்துப் பெரும்பாலும் 12 வாரங்கள் உண்டால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் வைரஸ் முற்றும் நீங்கிவிடும். வைரஸ் நீங்கியபின் வாய்நோயும் தணிந்ததாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. என் நண்பர் மறைந்தது 2011-இல். மருந்து வந்தது 2015-இல். நான்கே ஆண்டுகள்! 2003-இல் அவர் சிரித்துச் சொன்னதைக் கேட்டு நான் சிரிக்காமல், "வாருங்கள், மருத்துவரிடம் போவோம்" என்றிருந்தால், கல்லீரல் கெடுமுன் நோயை அறிந்து, அந்த நான்கு ஆண்டுகளைக் கடந்திருக்கவும் கூடும். இந்த எண்ணம் என்னை விட்டு நீங்குவதில்லை.

நம்மைப் போன்ற மற்றோர் ஆற்றுக் கழிமுக நாட்டின் வரலாற்றையும் கேளுங்கள். எகிப்தில் நைல் நதியின் பாசன வாய்க்கால்களில் வாழும் நத்தைகளால் பரவும் ஒரு புழுநோய் உழவர்களை வாட்டியது. அதனைப் போக்க 1960-களிலிருந்து சுமார் இருபது ஆண்டுகள் ஊர் ஊராக ஊசி மருந்து ஏற்றினர். நோக்கம் நல்லது, ஆனால் ஊசிகளைச் செவ்வனே தூய்மை செய்யாமல் பலருக்கும் பயன்படுத்தினர். புழுநோய் குறைந்தது; அந்த ஊசிகளின் வழியே சி வைரஸ் நாடெங்கும் பரவியது. 2008-இல் 15 முதல் 59 வயதுக்குட்பட்டவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேரின் இரத்தத்தில் அவ்வைரஸ் புகுந்ததன் அடையாளம் இருந்தது. ஆயின் அந்நாடு சோர்ந்துவிடவில்லை. 2018 அக்டோபரில் தொடங்கி ஏழு மாதங்களில் ஏறத்தாழ 5 கோடிப் பேரைச் சோதித்து, நோயுற்றவர்க்கு மருந்து அளித்தது. 2023-இல் உலகச் சுகாதார நிறுவனம் எகிப்தின் வெற்றியைப் பாராட்டிச் சான்றளித்தது. நம் நாட்டிலும் 2018 சூலை 28 அன்று தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் கீழ் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

கீழாநெல்லியைப் பற்றி ஒரு சொல் சொல்லாவிட்டால் தஞ்சைக்காரன் பேச்சு நிறைவுறாது. வயல் வரப்பில் முளைக்கும் அச்செடியைக் காமாலைக்கு மருந்தாக நம் முன்னோர் பயன்படுத்தினர். அதனைச் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராஜன் முதலிய அறிஞர்கள், முன்னே நான் குறிப்பிட்ட புளூம்பெர்க்கோடு சேர்ந்து ஆராய்ந்தனர். பி வைரஸ் உடையவருள் கீழாநெல்லி உண்டவர் பலரின் இரத்தத்திலிருந்து அவ்வைரஸின் அடையாளம் நீங்கியதாக 1988-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் எழுதினர். உலகம் வியந்தது. பின்னர் வேறு நாடுகளில் செய்த ஆய்வுகளில் அதே பயன் கிட்டவில்லை. முன்னோர் சொன்னது என்பதற்காக இகழாமல் சோதித்ததும் அறிவியல். நமக்குப் பெருமை தரும் முடிவாயினும் மீண்டும் சோதித்ததும் அறிவியல். என் நண்பரும் காமாலை கண்டபோது கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடித்தார். குடித்ததில் பிழையில்லை, அத்தோடு நின்றுவிட்டதே பிழை.

மாணவ நண்பர்களே, நீங்கள் செய்யத்தக்கவை சில உள. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் வாயில் வெண்மையோ செம்மையோ புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாதிருந்தால், பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவரா, ஒரே ஊசியைப் பலருக்கும் போடும் இடத்தில் ஊசி போட்டுக்கொண்டவரா என்று கேளுங்கள். ஆம் என்றால் பரிசோதனைக்கு வற்புறுத்துங்கள். நம் நாட்டில் கொடையாகப் பெறும் இரத்தத்தைச் சி வைரஸுக்காகச் சோதிக்கும் விதி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. சவரக் கத்தியையும் பல் துலக்கியையும் பிறரோடு பகிராதீர்கள். திருவிழாக் கடையில் பலருக்கும் பயன்பட்ட ஊசியால் பச்சை குத்திக்கொள்ளாதீர்கள். பி வகைக்குத் தடுப்பூசி உண்டு; சி வகைக்கு இன்றுவரை இல்லை. மற்றொன்றும் நினைவிருக்கட்டும்: ஒரே தட்டில் உண்பதாலோ, தோளில் கை போடுவதாலோ சி வைரஸ் பரவாது. நோயுற்றவரை ஒதுக்கி வைப்பது அறியாமை மட்டுமன்று, கொடுமையும் ஆகும்.

எல்லாவற்றிலும் மேலாக, கண்டதைக் குறித்து வையுங்கள். நம் தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை நிறுவினார். நம் நாட்டு மருத்துவமும் மேனாட்டு மருத்துவமும் அங்கே அருகருகே நடந்தன. கண்ணோயாளரின் கண்களைப் படமாக வரைந்து, குறியையும் சிகிச்சையையும் எழுதிவைத்த ஏடுகள் இன்றும் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. இருநூறு ஆண்டு கழித்தும் ஒரு மருத்துவர் அவற்றைப் பார்த்து, இஃது இன்ன நோய் என்று அறிய முடிகின்றது.

என் ஓவிய நண்பர் மறைந்தபின் அவர் மகன் தந்தையின் படக் குறிப்பேடுகளை என்னிடம் காட்டினான். விமானங்களுக்கும் தேர்களுக்கும் இடையில் ஒரு பக்கத்தில், கண்ணாடியைப் பார்த்துத் தம் கன்னத்தின் உட்புறத்தைப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார். வெண்கோடுகளின் பின்னல் ஒவ்வோர் இழையும் தெளிவாக இருந்தது. இடமும் வலமும் என்று இரண்டு படங்கள். கீழே நாள் இட்டிருந்தார்: 2003, ஆகஸ்டு. அதன்பின் ஆண்டுக்கு ஒன்றாக ஆறு படங்கள். கண்டார்; வரைந்தார்; நாள் இட்டார். தேவையானது அனைத்தும் அந்த ஏட்டில் இருந்தது. அதனைப் படிக்கத்தக்க ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது ஒன்றே குறைந்திருந்தது. அந்தக் குறை அவருடையது மட்டுமன்று. பக்கத்தில் அமர்ந்து உண்ட என்னுடையதும் ஆகும்.

ஆகவே இன்று வீட்டிற்குச் சென்றதும் உங்கள் பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும், "உண்ணும்போது வாய் எரிகின்றதா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். இல்லை என்றால் மகிழுங்கள். ஆம் என்றால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். கையைப் பற்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.